அப்பாவுக்கு டிபிஎஸ்: இப்போதே செய்வதா, இன்னும் பொறுப்பதா?

#1 திருபுவனம்_தறி

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 57 வயது. பார்க்கின்சன் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. தொழில் பட்டு நெசவு. முதல் ஐந்தாறு வருடம் சிண்டோபா மாத்திரை போட்டுக்கொண்டு தறியில் உட்கார்ந்தார். வெளியாருக்கு நோய் இருப்பதே தெரியாது. இப்போது ஒரு நாளைக்கு ஆறு வேளை மாத்திரை. காலையில் முதல் மாத்திரை இறங்கும் வரை நாடாவைப் பிடிக்க முடியாது. பாவின் மேல் விரல் தட்டி இழை அறுந்துவிடுகிறது. பதினொரு மணி வாக்கில் பழைய ஆளாகிவிடுவார். மதியத்துக்குள் தோளும் கழுத்தும் தானாக நெளிய ஆரம்பிக்கும். அது அடங்கினால் மறுபடி கட்டை போல இறுகிவிடும். கொல்லைக்குப் போகவே ஆள் வேண்டும்.

தஞ்சாவூரில் பார்க்கும் டாக்டர் டிபிஎஸ் பற்றி, அதாவது மூளைக்குள் மின்கம்பி வைத்து மின்துடிப்பு கொடுக்கும் அறுவை பற்றி, யோசிக்கச் சொன்னார். இன்னொரு இடத்தில் கேட்டோம். "அது மாத்திரை கைவிட்ட பிறகு கடைசியாகச் செய்வது, இன்னும் காலம் இருக்கிறது" என்று அனுப்பிவிட்டார்கள். சித்தப்பா, மண்டையில் ஓட்டை போட விடமாட்டேன் என்று நிற்கிறார். இதில் நிபுணர்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்களா, இல்லை டாக்டருக்கு டாக்டர் மாறுமா? தீபாவளி ஆர்டர் முடிந்ததும் நாங்கள் ஏதாவது ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 அரசலாறு

தம்பி, அவசரம் வேண்டாம். நெஞ்சில் ஒரு பெட்டியை வைத்து, கழுத்து வழியாக ஒயர் இழுத்து, மூளைக்குள் செருகுகிற வேலை இது. எங்கள் பெரியப்பா பூனைக்காலி விதைப் பொடியிலேயே பல வருடம் நடமாடினார். விற்பதற்கு ஒரு சாமான் கைவசம் இருந்தால் "நிபுணர் கருத்து" தானாக உருவாகும். அவ்வளவுதான் சொல்வேன்.

#3 வெண்ணாற்றங்கரை

நான் நரம்பியல் டாக்டர், நம் பக்கத்து ஆள்தான். நேரில் பார்க்காமல் உங்கள் அப்பாவுக்குச் செய்யலாம், கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் "கடைசியாகச் செய்வது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது, எப்போது மாறியது என்று சொல்ல முடியும்.

1987இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட் என்ற அறுவை மருத்துவர் இதைத் தொடங்கினார். அதற்கு முன்பெல்லாம் நடுக்கத்துக்கு மூளையின் உள்ளே தாலமஸ் என்ற பகுதியில் ஒரு புள்ளியைச் சுட்டு அழிப்பார்கள். அழிக்கும் முன் இடம் சரிதானா என்று பார்க்கக் கொஞ்சம் மின்சாரம் கொடுப்பது வழக்கம். நொடிக்கு நூறு துடிப்புக்கு மேல் கொடுத்தபோது, எதையும் அழிக்காமலேயே நடுக்கம் நின்றது. பெனாபிட் அந்த மின்கம்பியை அங்கேயே நிரந்தரமாக விட்டுவிட்டார். அதே காலத்தில் அமெரிக்காவில் மேலான் டிலாங் குழுவினர், பார்க்கின்சன் போன்ற நிலையை வரவழைத்த குரங்குகளின் மூளையில் சப்தாலமிக் நியூக்ளியஸ் என்கிற சின்ன இடம் அளவுக்கு மீறி வேலை செய்வதைக் காட்டினார்கள். எஸ்டிஎன் என்று சுருக்கமாகச் சொல்வோம். அதை அடக்கினால் நடுக்கம் மட்டுமல்ல, இறுக்கமும் மந்தமும் குறைந்தன. 2014இல் இருவருக்கும் சேர்த்து லாஸ்கர் விருது கொடுத்தார்கள்.

புதிய மூளை அறுவையை யாரும் நல்ல நிலையில் இருப்பவரிடம் சோதிக்க மாட்டார்கள். அதனால் முதலில் முற்றிய நோயாளிகளுக்குத்தான் செய்தார்கள். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1997இல் நடுக்கத்துக்கும், 2002இல் முற்றிய பார்க்கின்சனுக்கும் அனுமதி தந்தது. உங்களைத் திருப்பி அனுப்பியவர்கள் அந்தக் காலத்துப் பாடத்தைத்தான் இன்னும் சொல்கிறார்கள்.

பிறகு ஆய்வுகள் வந்தன. 2006இல் ஜெர்மனி, ஆஸ்திரியாவில் 156 பேரை வைத்து அறுவையையும் மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். அறுவை செய்துகொண்டவர்களின் வாழ்க்கைத் தரம் ஆறு மாதத்தில் சுமார் 25% உயர்ந்தது. மூளையில் ரத்தம் கசிந்து ஒருவர் இறந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2009இல் அமெரிக்காவில் 255 பேர். அறுவைப் பிரிவில் இருந்தவர்களுக்கு, தொந்தரவான நெளிவு இல்லாமல் கை கால் இயங்கும் நேரம் ஒரு நாளைக்கு 4.6 மணி நேரம் கூடியது. மாத்திரைப் பிரிவில் அந்த நேரம் கூடவில்லை. தறிக்காரர் வீட்டில் 4.6 மணி நேரம் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2011இல் பல நாட்டு நிபுணர்கள் கூடிப் பேசி ஒரு கருத்தொற்றுமை அறிக்கை வெளியிட்டார்கள். மாத்திரைக்கு நன்றாக இணங்குபவர், வயது குறைந்தவர், ஞாபகமும் மனநிலையும் சீராக இருப்பவர், நடை தள்ளாட்டம் அதிகம் இல்லாதவர் ஆகியோருக்கே பலன் அதிகம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அனுபவமுள்ள அறுவை மருத்துவரும் அவருக்குத் துணையாக ஒரு முழுக் குழுவும் வேண்டும் என்பதும் அதில் உண்டு.

2013இல் வந்த எர்லிஸ்டிம் ஆய்வுதான் காலத்தை முன்னுக்கு இழுத்தது. 251 பேர், எல்லோரும் அறுபதுக்குள், மாத்திரைச் சிக்கல் (நெளிவும் இடையிடையே வரும் இறுக்கமும்) தொடங்கி மூன்று வருடத்துக்கு மேல் ஆகாதவர்கள். இரண்டு வருட முடிவில் அறுவைப் பிரிவின் வாழ்க்கைத் தரம் 26% உயர்ந்தது. மாத்திரைப் பிரிவு இருந்த இடத்தை விட 1% கீழே போனது. இதை வைத்து 2016இல் எஃப்டிஏ அனுமதியை விரித்தது. நோய் வந்து குறைந்தது 4 ஆண்டு, மாத்திரைச் சிக்கல் அண்மையில் தொடங்கியிருக்கிறது என்றாலே பரிசீலிக்கலாம்.

அப்புறம் 5-2-1 என்று ஒரு கணக்கு. நிபுணர்களிடம் பெயர் காட்டாமல் பல சுற்றுக் கருத்துக் கேட்டு, ஒத்துவந்ததை எடுத்து 2018இல் வெளியிட்டார்கள். லெவோடோபா (சிண்டோபாவில் இருக்கும் மருந்து) ஒரு நாளைக்கு 5 வேளையாவது தேவைப்படுகிறதா, மருந்து வேலை செய்யாத நேரம் 2 மணி நேரமாவது போகிறதா, தொந்தரவான நெளிவு 1 மணி நேரமாவது இருக்கிறதா? இதில் ஏதாவது ஒன்று ஆம் என்றால் அடுத்த கட்ட சிகிச்சை பற்றிப் பேச வேண்டிய நேரம். உடனே அறுவை என்று அர்த்தமில்லை, பேச வேண்டும் என்றுதான் அர்த்தம்.

#4 திருபுவனம்_தறி

டாக்டர், அந்தக் கணக்கில் அப்பாவுக்கு மூன்றுமே ஆம். ஆனால் ஒன்று புரியவில்லை. மாத்திரை கேட்காமல் போனால்தானே அறுவை வேண்டும்? நீங்கள் மாத்திரைக்கு நன்றாக இணங்குபவருக்கே பலன் என்கிறீர்கள்.

#5 வெண்ணாற்றங்கரை

எல்லோரும் இங்கேதான் குழம்புகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நோயின் முதல் வருடங்களில், இயக்கத்துக்கு வேண்டிய டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் மூளையில் கொஞ்சமாவது மிச்சமிருக்கும். மாத்திரையில் வருவதை வாங்கிச் சேமித்து, வேண்டும்போது விடும். செல்கள் குறையக் குறையச் சேமிப்பு போய்விடுகிறது. தூர்ந்த குளத்தைப் போல, வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது உண்டு, நின்றால் இல்லை. மாத்திரை ஏறினால் நெளிவு, இறங்கினால் இறுக்கம். மாத்திரை இன்னும் வேலை செய்கிறது, சீராக வேலை செய்வதில்லை. டிபிஎஸ் அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்கிறது. மாத்திரையின் உச்ச நேரத்தில் உங்கள் அப்பா எப்படி இருக்கிறாரோ, ஏறக்குறைய அந்த நிலையை நாள் முழுக்க நீட்டிக்கப் பார்க்கிறோம். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. மாத்திரைக்கு அடங்காத நடுக்கமும் இதில் அடங்கும்.

ஆகவே மாத்திரையின் உச்ச நேரத்திலும் எது சரியாகவில்லையோ அது அறுவையிலும் சரியாகாது. நன்றாக இருக்கும் நேரத்திலேயே கால் தரையில் ஒட்டி நிற்பது, பின்னால் சாய்ந்து விழுவது, குரல் கம்மிப்போவது, விழுங்கும்போது புரையேறுவது, மறதி, மலச்சிக்கல் எல்லாம் இதில் சேரும். "கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று பொறுத்தால் கடைசியில் மிஞ்சுவது இவைதான். அப்போது வந்து கேட்டால் நாங்களே வேண்டாம் என்போம்.

நோயின் ஓட்டத்தை டிபிஎஸ் நிறுத்துவதாக இதுவரை நிரூபணம் இல்லை. இதையும் சித்தப்பாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

#6 மன்னை_மேலவீதி

தம்பி, என் அம்மாவுக்குச் செய்து நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது. செய்யும்போது வயது 61. டாக்டர் சொன்னதை எங்கள் வீட்டில் நடந்ததோடு வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பரிசோதனை வைப்பார்கள். முந்தின இரவிலிருந்து மாத்திரை கிடையாது. காலையில் அம்மாவால் கட்டிலில் புரண்டு படுக்கவே முடியவில்லை, கண்ணில் தண்ணீர். அந்த நிலையிலேயே மார்க் போடுவார்கள், மார்க் கூடினால் நோய் கூடுதல் என்று அர்த்தம். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொல்வார்கள், உள்ளங்கையை மூடித் திறக்க வேண்டும், குதிகாலைத் தரையில் அடிக்க வேண்டும், மார்பில் கை கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழ வேண்டும், பின்னாலிருந்து தோளைப் பிடித்து இழுப்பார்கள். அப்புறம் வழக்கத்தை விடக் கூடுதலாக மாத்திரை கொடுத்து, அது ஏறியதும் அதே வரிசையில் மறுபடி. அம்மா வராந்தாவின் கடைசி வரை தானாக நடந்து போய்த் திரும்பி வந்தார். மார்க் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அந்த டாக்டர் சிரித்துவிட்டு, இது போதும் என்றார்.

மூளை எவ்வளவு சுறுசுறுப்பு என்று பார்க்க இன்னொரு சோதனை. ஒரு நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு வகைப் பெயர்களை அடுக்க வேண்டும். அம்மா மீனை எடுத்துக்கொண்டார். கெண்டை, கெளுத்தி, விரால், குறவை, அயிரை, உளுவை என்று ஆற்று மீனில் ஆரம்பித்துக் கடல் மீனுக்குப் போய்விட்டார், எழுதிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கை ஓடவில்லை. அறுவைக்கு ஒரு வருடம் கழித்து அதே சோதனை. விரால் வரை வந்தது, அப்புறம் யோசித்தார், கெண்டையையே திரும்பச் சொன்னார். பேச்சிலும் அப்படித்தான், வார்த்தைக்குத் தேடுகிறார். வீட்டு வேலை, சமையல், கணக்கு எதிலும் குறையில்லை. ஆனால் முன்பு போல வாயாடுவதில்லை. இதை அறுவைக்கு முன்பே எங்களிடம் சொல்லியிருந்தார்கள், கையெழுத்துப் போட்டுத்தான் செய்தோம்.

அறுவை அன்று பாதி நேரம் விழிப்பில் இருந்தார். தலையில் சட்டம் பூட்டியிருந்தது. கையை மூடித் திற, கிழமைகளைச் சொல் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். வலி தலையில் இல்லை, அசையாமல் படுத்ததில் முதுகுதான் வலித்தது என்றார். அந்த வாரமே கை கால் லேசாகிவிட்டது, மெஷினை இன்னும் ஆன் பண்ணவே இல்லை! கம்பி போன இடத்து வீக்கத்தால் வரும் தற்காலிகப் பலன், அடங்கிவிடும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். சொன்னபடியே அடங்கியது. சொல்லாமல் விட்டிருந்தால் பயந்துபோயிருப்போம்.

மெஷினை ஆன் பண்ணுவது அதற்குச் சில வாரம் கழித்து. முக்கியமான விஷயமே இதுதான். ஒரே நாளில் செட் ஆவதில்லை. கொஞ்சம் கூட்டுவார்கள், நாக்கு குழறும். குறைப்பார்கள், நடுக்கம் எட்டிப் பார்க்கும். கூடவே மாத்திரையையும் குறைக்க வேண்டும். மாத்திரையை வேகமாகக் குறைத்ததில் அம்மா ஒரு மாதம் எதிலும் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தார், சீரியல்கூடப் பார்க்கவில்லை. திரும்பக் கூட்டியதும் சரியானார். ஆறு மாதம் வரை இப்படி இழுத்தது. ஒவ்வொரு முறையும் திருச்சி போய் இன்டர்சிட்டி பிடித்துத் திருவனந்தபுரம். லாட்ஜ், சாப்பாடு, கூட ஒரு ஆள், எனக்குக் கடையில் லீவு. அறுவைச் செலவை எல்லோரும் கேட்கிறார்கள், இந்த அலைச்சலை யாரும் கேட்பதில்லை.

#7 திருபுவனம்_தறி

அண்ணே, செலவையும் சொல்லிவிடுங்கள். எங்களிடம் பன்னிரண்டு லட்சம் என்றார்கள்.

#8 மன்னை_மேலவீதி

அந்த வட்டாரம்தான். பெரும்பகுதி மெஷினுக்கே போகிறது. முதலமைச்சர் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம்தான் உச்சம், அதிலும் எது பட்டியலில் வரும் என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டுக் கவுன்டரில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ச் சொல்லை நம்ப வேண்டாம். நாங்கள் ஆறு மா நிலத்தை ஒத்திக்கு விட்டோம். இன்னும் திருப்பவில்லை. அம்மா இப்போது தானாக எழுந்து கோலம் போடுகிறார். எனக்கு அது போதும், ஆனால் என் தங்கைக்கு நிலம் போனதில் வருத்தம் உண்டு. இரண்டும் உண்மை.

#9 பட்டுக்கோட்டை_தென்னை

எங்கள் மாமியாருக்கு முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 70 வயது. இல்லாத ஆட்கள் அறைக்குள் நிற்பதாகச் சொல்வார். பூட்டைப் பூட்டினோமா என்று மறந்து மறந்து கேட்பார். பணம் தயாராக இருந்தும் வேண்டாம் என்றார்கள். அன்றைக்குக் கோபம் வந்தது. மாத்திரைகளை மாற்றிக் குறைத்துக் கொடுத்தார்கள், அந்த ஆட்கள் வருவது நின்றது. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த இடம்தான் நல்ல இடம் போலிருக்கிறது.

#10 அரசலாறு

டாக்டர், நீங்கள் சொன்ன எர்லிஸ்டிம் ஆய்வுக்குப் பணம் போட்டவர்களில் மெட்ரானிக் கம்பெனியும் உண்டா இல்லையா? மெஷின் விற்கிறவனே பணம் போட்டால் மெஷின் நல்லது என்றுதான் வரும். இன்னொன்று, அறுவை செய்துகொண்டவருக்குத் தன் மண்டையில் மெஷின் இருப்பது தெரியும். மாத்திரைக்காரருக்கு "நமக்குக் கிடைக்கவில்லையே" என்ற ஏக்கம். மார்க் மாறத்தானே செய்யும்?

#11 வெண்ணாற்றங்கரை

ஐயா, இரண்டுமே சரியான கேள்வி. ஜெர்மனி, பிரான்ஸ் அரசுகளோடு மெட்ரானிக்கும் பணம் கொடுத்தது உண்மை. அந்த ஏக்கத்தின் பங்கு எவ்வளவு என்று எங்கள் ஆட்களே இதழ்களில் சண்டை போட்டிருக்கிறார்கள். அதனால்தான் நான் 2010இல் வந்த பிரிட்டன் ஆய்வையும் பார்க்கச் சொல்வேன். பிடி சர்ஜ் என்று பெயர், 366 பேர், அங்கத்து மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் பணம் போட்டது. ஒரு வருடத்தில் அறுவைப் பிரிவு மேலாக இருந்தது. ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அறுவையால் குறிப்பிடத்தக்க சிக்கல் ஏதாவது வந்தது, அதில் அதிகம் வந்தது தொற்று. ஒருவர் இறந்தார். பலனும் ஆபத்தும் ஒரே ஆய்வில் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

கிரனோபிளில் 15 வருடத்துக்குப் பிறகும் தொடர்ந்து பார்த்த 51 பேரின் கணக்கு 2021இல் வந்தது. அறுவைக்கு முன்பிருந்ததை விட நெளிவு நேரம் 75% குறைவு, இறுகிக் கிடக்கும் நேரம் 59% குறைவு, மருந்து ஏறக்குறைய பாதி. ஆனால் அத்தனை வருடம் உயிரோடு இருந்து, வந்து காட்டியவர்களின் கணக்கு அது.

இன்னும் ஒத்துப்போகாத இடங்களும் இருக்கின்றன, உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியவை அவைதான். கம்பியை எஸ்டிஎன்னில் வைப்பதா, மூளையின் இன்னொரு இடமான குளோபஸ் பாலிடஸில் வைப்பதா? 2010இல் 299 பேரை ஒப்பிட்டதில் இயக்கப் பலன் இரண்டிலும் ஒன்றுதான். எஸ்டிஎன்னில் மருந்தை அதிகம் குறைக்க முடியும், ஆனால் மனச்சோர்வு, சொல் தேடல் பக்கம் கொஞ்சம் ஆபத்து கூடுதல். மற்ற இடத்தில் வைத்தால் மருந்து அவ்வளவு குறையாது, நெளிவு நேரடியாக அடங்கும். ஒரே நோயாளிக்கு இரண்டு நல்ல டாக்டர்கள் இரண்டு இடம் சொல்வது இங்கே சகஜம். விழிப்பில் செய்வதா, முழு மயக்கத்தில் ஸ்கேன் பார்த்துச் செய்வதா என்பதிலும் அப்படித்தான், இப்போது இரண்டுமே நடக்கின்றன. வயது வரம்பும் கறாரில்லை. 70 என்பார்கள், 73 வயதுக்காரர் திடமாக வந்து நின்றால் செய்வார்கள். ஜிபிஏ என்ற மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு எஸ்டிஎன் அறுவைக்குப் பிறகு ஞாபகம் வேகமாகக் குறைகிறதோ என்ற பேச்சு இப்போது சூடாக நடக்கிறது. எல்லோருக்கும் சோதிக்க வேண்டுமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

பூனைக்காலி பற்றி: அதில் இருப்பதும் லெவோடோபாதான் ஐயா. உங்கள் பெரியப்பா நடமாடியது அதனால்தான். ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் மாத்திரையோடு சேர்த்துப் போடும்போதுதான் எங்களுக்குக் கணக்குத் தப்புகிறது.

#12 கோடியக்கரை_காற்று

பேட்டரி பற்றி யாரும் பேசவில்லையே. சார்ஜ் செய்யும் வகை, செய்யாத வகை என்று இரண்டு. சார்ஜ் செய்யாதது மூன்று முதல் ஐந்து வருடத்தில் தீரும், நெஞ்சில் கீறி வேறு மாற்ற வேண்டும், மறுபடி லட்சக்கணக்கில் செலவு. சார்ஜ் செய்வது 15 வருடம் அளவுக்கு வரும் என்கிறார்கள், விலை கூடுதல். சட்டைக்கு மேல் ஒரு வட்டை வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது உட்கார வேண்டும்.

எல்லோரும் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொன்னார்கள். நாங்கள் அண்ணனுக்கு முதலாவதை எடுத்தோம். காரணம் கஜா. 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு எங்கள் ஊரில் வாரக்கணக்கில் கரண்ட் கிடையாது. செல்போன் சார்ஜ் போடவே ஜெனரேட்டர்காரரிடம் காசு கொடுத்து வரிசையில் நின்றோம். அப்படி ஒரு நேரத்தில் மூளைக்குப் போகிற மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? டவுனில் இன்வெர்ட்டரோடு இருப்பவர்களுக்கு இந்தப் பயம் தேவையில்லை.

#13 வெண்ணாற்றங்கரை

இந்தக் காரணத்தை நான் எந்த வழிகாட்டி நெறியிலும் படித்ததில்லை, ஆனால் முழுக்க நியாயம். எஸ்டிஎன்னில் வைத்திருப்பவருக்கு பேட்டரி திடீரென்று நின்றால் சில மணி நேரத்தில் கடுமையாக இறுகிவிடும். மருந்தை ஏற்கெனவே குறைத்திருப்போம், அதனால் மாத்திரையாலும் உடனே தூக்க முடியாது. காய்ச்சல், குழப்பம் வரை போகலாம், அது அவசரச் சிகிச்சைக்கு ஓட வேண்டிய விஷயம். எந்த வகை எடுத்தாலும் ரிமோட்டில் பேட்டரி அளவு பார்க்கும் பழக்கம் வீட்டில் ஒருவருக்காவது வேண்டும். அவசரத்துக்கு எவ்வளவு மாத்திரை கொடுப்பது என்று முன்பே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

#14 வலங்கைமான்_வரப்பு

நடுவில் ஒரு கேள்வி. வரப்புக் களைக்கு அடிக்கும் பாராகுவாட்டால்தான் இந்த நோய் வருகிறது என்கிறார்களே? எங்கள் தெருவிலேயே இரண்டு பேருக்கு இருக்கிறது, இருவரும் விசைத் தெளிப்பான் தூக்கியவர்கள்.

#15 மட்டுறுத்துநர்

பாராகுவாட், ரோட்டினோன் புழங்கியவர்களிடம் பார்க்கின்சன் கூடுதலாக இருப்பதை 2011இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அது பெரிய விஷயம், தனி இழை தொடங்குங்கள். இங்கே அறுவை பற்றி மட்டும் பேசுவோம்.

#16 வெண்ணாற்றங்கரை

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் இரண்டு சொல்ல வேண்டும்.

முதலாவது, டயதெர்மி. முட்டி வலி, இடுப்பு வலி என்று பிசியோதெரபி சென்டருக்குப் போனால் மின் அலையால் உள்ளே சூடு கொடுக்கும் ஷார்ட் வேவ் டயதெர்மி வைப்பார்கள். டிபிஎஸ் உள்ளவருக்கு அது உடம்பின் எந்த இடத்திலும் கூடவே கூடாது. அந்தச் சூடு கம்பி வழியாக மூளைக்குப் போய்ச் சேரும். கால் முட்டிக்குத்தானே என்று யாராவது சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். எம்ஆர்ஐ என்றால் மெஷினின் அட்டையைக் காட்டி, அந்த மாடலுக்கு எந்த நிபந்தனையில் எடுக்கலாம் என்று கேட்ட பிறகே.

இரண்டாவது, ஆறு. 2019இல் சூரிச் நகர டாக்டர்கள், நன்றாக நீந்தத் தெரிந்த ஒன்பது பேர் டிபிஎஸ்ஸுக்குப் பிறகு நீந்த முடியாமல் போனதை எழுதினார்கள். கை கால் மற்ற எல்லா வேலைக்கும் முன்னைவிட நன்றாக இருந்தது, தண்ணீரில் மட்டும் கைக்கும் காலுக்கும் இணக்கம் வரவில்லை. ஒருவர் நம்பிக்கையோடு ஏரியில் குதித்து, பிறர்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. மூன்று பேருக்கு மெஷினை அணைத்துப் பார்த்தபோது நீச்சல் திரும்ப வந்தது. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லவும் வழியில்லை. காவேரியிலும் குடமுருட்டியிலும் முங்கி வளர்ந்தவர்கள் நாம். மேட்டூர் திறந்து தண்ணீர் நிறைய வரும்போது "எனக்கா நீச்சல் தெரியாது" என்று இறங்குபவரை யார் தடுப்பது?

#17 மன்னை_மேலவீதி

இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை டாக்டர். ஆடிப்பெருக்குக்கு அம்மா படித்துறையில் இறங்கி முங்கத்தான் செய்கிறார், மூன்றாவது படியில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு. இனி தம்பி மகனைக் கீழ்ப்படியில் நிறுத்தப் போகிறேன்.

தறிக்காரத் தம்பிக்கு ஒன்று: திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா, பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி இரண்டிலும் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பெங்களூர் என்றால் உங்களுக்குக் கும்பகோணத்திலேயே மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறலாம். பக்கத்தில் திருச்சி, சென்னையில் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, அறுவைக்குப் பிறகு மெஷினை செட் செய்யப்போவது யார், அவர் வாரத்தில் எத்தனை நாள் இருப்பார், எங்களுக்கு எத்தனை நாளில் நேரம் கிடைக்கும் என்பதுதான். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் ஓர் இடத்தில் அறுவை முடித்தார். செட் செய்கிற டாக்டர் வேலையை விட்டுப் போய்விட்டார். மெஷின் நெஞ்சில் இருக்கிறது, திருப்பிவிட ஆளில்லாமல் மாதக்கணக்கில் அலைந்தார்.

#18 திருபுவனம்_தறி

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இழை முழுவதையும் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சித்தப்பா அந்த ரத்தக் கசிவில் நின்றுவிட்டார், நூற்றில் எத்தனை பேருக்கு என்று கேட்கிறார். அப்பா எதுவும் பேசவில்லை. படுக்கப் போகும் முன், "ஜரிகை போடுகிற அளவுக்கு விரல் வருமா, கேள்" என்றார்.

#19 வெண்ணாற்றங்கரை

பாதிப்பு உண்டாக்கும் ரத்தக் கசிவு நல்ல மையங்களில் நூற்றில் ஒன்று, இரண்டு. அந்த ஒருவர் நம் வீட்டு ஆளாக இருந்தால் அந்தக் கணக்கு ஆறுதல் தராது, சித்தப்பா கேட்பது சரிதான். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் ஆபத்து குறையும், இப்போதிருந்தே பாருங்கள்.

ஜரிகை பற்றி: பதினொரு மணிக்கு நன்றாக இருக்கும்போது அவரால் ஜரிகை போட முடிகிறதா? முடிந்தால் நம்பிக்கை வைக்கலாம். அந்த நேரத்திலும் முடியவில்லை என்றால் அறுவை அதைக் கொண்டுவரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பரிசோதனைக்குப் போகும்போது அவர் தறியில் இருப்பதைக் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் செல்போனில் எடுத்துக்கொண்டு போங்கள். மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், இறுகிய நேரம், நெளிந்த நேரம் ஒரு நோட்டில் இருக்கட்டும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுகிறாரா என்றும் பாருங்கள். பருப்பும் பாலும் மருந்தோடு போட்டி போடும். இதைச் சரிசெய்தே சிலருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது.

#20 திருபுவனம்_தறி

பதினொரு மணிக்கு முடிகிறது டாக்டர். போன வாரம்கூட ஒரு முழம் போட்டார். நாங்கள் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறோம், அறுவையா இல்லையா என்பது அதற்கப்புறம். இன்னொன்று, அம்மா ரகசியமாகச் சொன்னார், சித்தப்பா வாங்கிக் கொடுத்த பூனைக்காலிப் பொடியை அப்பா பாலில் கலந்து குடிக்கிறாராம். பரிசோதனைக்கு முன் நிறுத்த வேண்டுமா?

#21 வெண்ணாற்றங்கரை

அன்று மாத்திரையோடு சேர்த்து அதையும் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் மார்க்குக்கு அர்த்தமே இல்லை. நீங்களாக இன்றைக்கே நிறுத்தாதீர்கள். எவ்வளவு நாளாக, எத்தனை கரண்டி என்று டாக்டரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

#22 அரசலாறு

சொல்லிவிடுங்கள் தம்பி, மறைக்காதீர்கள். இந்த ஒன்றில் நானும் டாக்டரும் ஒரே கட்சி. மெஷின் விஷயத்தில் இன்னும் இல்லை.